பழைய ஈகோஸ்போர்ட் வாங்கலாமா? அட்வான்ஸுக்கு முன்னால் சேஸிஸ் எண்!

'எங்களுக்கு மூன்றரை ஏக்கர். முருங்கையும் தக்காளியும் போடுகிறோம். மாமியாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். திண்டுக்கல் போய்வர வாடகைக் காருக்கே வருமானத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. அதனால் பழைய கார் ஒன்று வாங்க முடிவு செய்தோம். 2014 ஜூலையில் பதிவான டீசல் ஈகோஸ்போர்ட், 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கு வந்திருக்கிறது. மூன்றாவது ஓனர் விற்கிறார். வீட்டுக்காரர் அட்வான்ஸ் கொடுக்க ரெடி. ஆனால் என் தம்பி, 'அது கம்பெனியே திரும்ப வாங்கிக்கிட்ட வண்டிக்கா, கம்பெனியே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயாச்சு'னு சொல்கிறான். புரோக்கரோ, 'கம்பெனி போனா என்ன, வண்டி போகுமா போகாதா?' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?'

- வாசகி, ஒட்டன்சத்திரம்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதிதான் உண்மை, சகோதரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

முதலில் உங்கள் தம்பி சொன்னதைப் பார்ப்போம். ரீகால் என்றால் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வது இல்லை. குறிப்பிட்ட மாதங்களில் செய்த வண்டிகளில் ஒரு பாகம் சரியில்லை, அதனால் ஆபத்து வரலாம் என்று தெரிந்தால், 'சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவாருங்கள், செலவில்லாமல் சரிசெய்து தருகிறோம்' என்று நிறுவனம் அழைப்பதுதான் ரீகால். வேலை முடிந்ததும் வண்டி உங்களுடையதுதான். ரீகால் வந்த வண்டி எல்லாம் மட்டமான வண்டி என்றால், இந்தியாவில் எந்த கம்பெனி வண்டியையும் வாங்க முடியாது. 2023 ஆகஸ்ட்டில் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 வண்டியில் மட்டும் 1,08,306 வண்டிகளை இன்ஜின் பகுதி ஒயரிங்கைச் சோதிக்க அழைத்தார்கள். அதற்காக அந்த வண்டி விற்காமல் நின்றுவிடவில்லை.

ரீகால் வந்ததா என்பதைவிட, வந்த ரீகால் வேலையை உங்களுக்கு விற்கப்போகிற அந்த வண்டிக்குச் செய்தார்களா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அங்கேதான் பழைய வண்டி வாங்குகிறவர் மாட்டிக்கொள்கிறார்.

ஈகோஸ்போர்ட் நம்ம ஊர் வண்டி. மறைமலை நகர் ஆலையில் செய்து, 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் நீளம், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 200 மில்லிமீட்டர் இடைவெளி, டீசலில் நல்ல மைலேஜ். வரப்பு ஓரத்து மண்பாதையில் அடி தட்டாமல் போகும் என்பதால் கிராமத்து ஆட்களுக்கும் பிடித்துப்போனது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அதற்குப் பிறகு பழைய ஈகோஸ்போர்ட் விலை இறங்கியது. உங்களுக்கு 3 லட்சத்து 60 ஆயிரத்துக்குக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று அப்போதே சொன்னார்கள். அதன்படி சர்வீஸ் சென்டர்கள் இயங்குகின்றன. ஆனால் முன்புபோல ஊருக்கு ஊர் கிடையாது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று முதலில் போனில் விசாரித்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸுக்குப் போகிற வண்டி ஒரு பாகத்துக்காகப் பத்து நாள் நிற்கக் கூடாது.

இனி, இந்த வண்டிக்கு வந்த முக்கியமான ரீகால்களைச் சொல்கிறேன்.

2013-லேயே 972 டீசல் வண்டிகளை அழைத்தார்கள். மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்று சொல்வார்களே, குளிரில் டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆக உதவும் பிளக், அதைக் கட்டுப்படுத்தும் மாட்யூலில் கோளாறு. 2015 நவம்பரில் 16,444 வண்டிகள். இது கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயம். பின்சக்கரம் இரண்டையும் இணைத்துப் பிடிக்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளை மாற்றுவதற்கான அழைப்பு அது. நம் ஆட்கள் பின்னால் நான்கு மூட்டை உரத்தையும் தக்காளிப் பெட்டியையும் ஏற்றி, பள்ளம் மேட்டில் இறக்கி ஏற்றுவோம். அந்த போல்ட்டுதான் அத்தனை அடியையும் வாங்குகிறது. அது விட்டுப்போனால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்ததுதான் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2016-ல் 48,000-க்கும் அதிகமான ஈகோஸ்போர்ட் டீசல் வண்டிகளை அழைத்தார்கள். எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் பார்த்துச் சரிசெய்ய. 2013 ஏப்ரல் முதல் 2014 ஜூன் வரை சென்னை ஆலையில் செய்த வண்டிகள். பிரேக் குழாய் கசிந்தால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. டீசல் குழாய் கசிந்தால் சூடான பாகத்தில் பட்டுத் தீப்பிடிக்கலாம். இரண்டுமே உயிர் சம்பந்தப்பட்டது.

'நம்ம வண்டி ஜூலையில்தானே பதிவு, ஜூன் வரைதானே ரீகால், தப்பித்தோம்' என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு வேறு, தயாரிப்பு வேறு. ஆலையில் செய்த வண்டி, ஷோரூமுக்கு வந்து, ஆள் பிடித்து, லோன் போட்டுப் பதிவாக ஒன்றிரண்டு மாதம் ஆகும். சில வண்டிகள் ஆறு மாதம்கூட ஷோரூமில் நிற்கும். ரீகால் போவது தயாரித்த மாதத்தைப் பார்த்து. அது ஆர்.சி.யிலேயே தயாரிப்பு மாதம், வருடம் என்று தனியாக இருக்கும். ஜூலையில் பதிவான வண்டி, மே, ஜூனில் செய்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் இந்த ரீகாலுக்குள் அது வரும்.

2017-ல் செய்த ஈகோஸ்போர்ட் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 மே, ஜூனில் செய்த 4,379 வண்டிகளில் முன்பக்க லோயர் ஆர்ம் வெல்டிங்கைச் சோதிக்கவும், 2017 நவம்பர், டிசம்பரில் செய்த 1,018 வண்டிகளில் முன் சீட்டுகளின் சாய்வு லாக்கைச் சோதிக்கவும் 2018-ல் அழைத்தார்கள். லோயர் ஆர்ம் விட்டால் முன்சக்கரம் திருப்பத்தில் சொன்ன பேச்சு கேட்காது. சீட் லாக் விட்டால், பின்னால் ஒரு வண்டி இடித்ததும் சீட்டோடு சேர்ந்து ஆளும் மல்லாந்துவிடுவார்.

எல்லா ரீகாலையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் உங்கள் வண்டி அதில் உண்டா இல்லையா என்பதை இந்தப் பக்கத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. அதைச் சொல்வது சேஸிஸ் எண் ஒன்றுதான். 17 எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. ஆர்.சி.யில் இருக்கும், வண்டியிலும் பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று கண்ணால் பாருங்கள். இந்த ஃபோர்டு வண்டிகளுக்கு எம்.ஏ.ஜே. என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். அதைக் குறித்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், 'இந்த வண்டிக்கு ரீகால் வேலை ஏதாவது பாக்கி இருக்கா?' என்று கேளுங்கள். கம்ப்யூட்டரில் போட்டால் பழைய சர்வீஸ் விவரமும் சேர்ந்தே வரும். மீட்டரில் 70,000 கிலோமீட்டர் காட்டுகிற வண்டி, மூன்று வருடத்துக்கு முன்னால் 1,10,000-ல் சர்வீஸ் ஆகியிருப்பதும் அப்போது தெரிந்துவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். சில வருடங்களுக்கு முன் இரண்டாவது கையாக ஒரு ஜீப் வாங்கினேன். அது வேறு கம்பெனி. வாங்கி ஒன்றரை வருடம், மலைப்பாதையில் காபி மூட்டையோடு ஏறி இறங்கியிருக்கிறேன். ஒருநாள் கிளட்ச் வேலைக்காக சர்வீஸ் சென்டரில் விட்டபோது, அங்கிருந்த பையன், 'சார், இதுக்கு பிரேக் ரீகால் பாக்கி இருக்கே, லெட்டர் வரலையா?' என்றான். லெட்டர் வந்திருக்கிறது. மூன்று முறை. எல்லாம் முதல் ஓனரின் கோயம்புத்தூர் முகவரிக்கு. அவர் வண்டியை விற்றுவிட்டதால் கிழித்துப் போட்டுவிட்டார். என்னிடம் விற்ற இரண்டாவது ஓனருக்கும் தெரியாது. அந்த சென்டரில் வேலைக்குக் கூலி 2,400 ரூபாய் என்று பில்லும் நீட்டினார்கள். ரீகாலுக்கு எதற்குக் கூலி என்று மேலாளரிடம் சத்தம் போட்ட பிறகுதான் அடித்துவிட்டார்கள்.

ரீகால் என்பது வண்டிக்கு வருவது, ஓனருக்கு இல்லை. நீங்கள் நான்காவது ஓனராக இருந்தாலும் பாகத்துக்கும் கூலிக்கும் பணம் தரவேண்டியதில்லை. வண்டி உங்கள் பெயருக்கு மாறியதும் சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணோடு உங்கள் போன் நம்பரையும் முகவரியையும் மாற்றிப் பதியச் சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றினால் கம்பெனி கணக்கில் தானாக மாறாது. ஐந்து நிமிட வேலை, யாரும் செய்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். 2012-ல் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தானாகவே ஒரு ரீகால் நடைமுறையைக் கொண்டுவந்தது. அது கட்டாயம் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஓனர்கள் ஒரே கோளாறைப் புகார் செய்தால் விசாரணை, பிறகு உத்தரவு, கேட்காவிட்டால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். புகாரை மத்திய அரசின் வாகன் தளத்தில், ரீகாலுக்கென்று உள்ள பகுதியில் பதியலாம். ஆனால் இந்த அரசுக் கட்டாயம் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். உங்கள் 2014 வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. அதனால் கம்பெனி ஏற்கெனவே அறிவித்த அழைப்பைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கவேண்டும். அட்வான்ஸுக்கு முன்னாலேயே கேட்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். பாக்கி இருந்தால், விற்கிறவரே செய்துமுடித்து, ஜாப் கார்டோடு வண்டியைத் தரட்டும். 'நீங்க வாங்கிட்டுப் பண்ணிக்குங்க' என்று சொன்னால், உங்கள் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ரீகால் வேறு, ஓனர்கள் குறை சொல்வது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். கிளட்ச் சீக்கிரம் தேய்கிறது, முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம், டச் ஸ்கிரீன் உறைந்து நிற்கிறது. இவையெல்லாம் குறைகள். கம்பெனி அழைக்காது, உங்கள் காசில்தான் சரிசெய்யவேண்டும். விலை பேசும்போது இதையெல்லாம் கழித்துக்கொள்ளலாம். ரீகாலை விலையில் கழிக்கக் கூடாது. 'பத்தாயிரம் குறைச்சுக்குறேன், பிரேக் குழாயைப் பார்க்காம எடுத்துக்கோ' என்றால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஈகோஸ்போர்ட் யாராவது பார்த்தால், 2013 முதல் 2017 வரை வந்ததில் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் இருக்கும். நெரிசலில் மெதுவாகப் போகும்போது நடுங்குகிறது, தயங்குகிறது என்று பல நாடுகளில் புகார் வந்த கியர்பாக்ஸ் அது. ஆஸ்திரேலியாவில் ஃபோக்கஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் ஓனர்கள் சொன்ன குறையைச் சரியாகக் கவனிக்காமல் தட்டிக்கழித்ததற்காக அங்குள்ள நீதிமன்றம் 2018-ல் அந்த நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஊரில் அதைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக் கிடைப்பது அரிது. என்னைக் கேட்டால் வேண்டாம்.

1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டியிலும் ஒன்று கவனிக்கணும். இதே மறைமலை நகரில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய 2018 முதல் 2022 வரையான மாடல் ஈகோஸ்போர்ட்டுகளை, ஃபோக்கஸ் காரோடு சேர்த்து, மொத்தம் 1,39,730 வண்டிகளை 2023 டிசம்பரில் அங்கே அழைத்தார்கள். ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டின் டென்ஷனர் உடைந்தால் ஆயில் அழுத்தம் போய், ஓடும்போதே இன்ஜின் நிற்கலாம், பிரேக் பூஸ்டரும் வேலை செய்யாது. இந்த வகை இன்ஜினில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல், கிடைத்த ஆயிலை ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் தள்ளிப்போங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் 'வீடு போய்ப் பார்த்துக்கலாம்' என்பது ஆகாது.

நீங்கள் பார்ப்பது டீசல் என்பதால் அந்தத் தலைவலி இல்லை. ஆனால் இதிலும் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்து வருடம் தாண்டிய ரப்பர் பெல்ட்டை நம்பி மலை ஏறக் கூடாது. பில் இல்லையென்றால் மாற்றியே ஆகவேண்டும் என்று அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். 'ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன்' என்று சொன்னால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணையவேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம். கோளாறு தெரியக் கூடாது என்று யாரோ விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள். நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி ஒயரைக் கடித்தும் இந்த விளக்கு எரியும், அது நம்ம ஊர் ரீகால்! பிறகு பள்ளம் உள்ள மெக்கானிக் கடையில் அடியில் இறங்கிப் பிரேக் குழாய், டீசல் குழாய் நெடுக உரசல், துரு, ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தரைவிரிப்பைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் சேறு, துரு, ஊறிய வாடை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ உள்மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. மூழ்கிய வண்டிக்கு ரீகாலும் கிடையாது, மருந்தும் கிடையாது.

ஆர்.சி. 2029 ஜூலை வரை இருக்கும். அதற்குப் பிறகு தகுதிச் சான்று வாங்கிப் புதுப்பிக்கவேண்டும். ஆக, நீங்கள் வாங்குவது அதுவரைக்குமான வண்டி என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள். சேஸிஸ் எண்ணில் பாக்கி எதுவும் இல்லை, அடிக்குழாய் சுத்தம், பெல்ட் செலவைக் கழித்தாயிற்று என்றால், தாராளமாக வாங்கலாம். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், இந்தச் சந்தேகப் பார்வை வண்டி பார்க்க உதவும்.

*

'2010 மாடல் எண்டவர் வைத்திருக்கிறேன். ஏர்பேக்கை மாற்றவேண்டும், 40,000 ரூபாய் ஆகும் என்று பக்கத்துக் கடை மெக்கானிக் சொல்கிறார். ஏர்பேக் இல்லாமலேயே ஓட்டலாமா?'

- வாசகர், ராமநாதபுரம்.

பணத்தை எடுக்காதீர்கள். 2004 பிப்ரவரி முதல் 2014 செப்டம்பர் வரை செய்த எண்டவர் 22,690 வண்டிகளை முன்பக்க ஏர்பேக் இன்ஃபிளேட்டருக்காக 2019 ஜூலையில் அழைத்தார்கள். உங்கள் வண்டி அந்தக் காலத்தைச் சேர்ந்தது. ஜப்பானின் டகாட்டா என்ற நிறுவனம் செய்த இன்ஃபிளேட்டர்களால் உலகம் முழுக்கப் பல கம்பெனி கார்களுக்கு வந்த சிக்கலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டால் கெட்டுப்போய், விபத்தின்போது அளவுக்கு மீறி வெடிக்கும். உலோகச் சிதறல் ஓட்டுநர் மேல் பாயும். உங்கள் ஊர்போலக் கடலோர வெக்கைதான் அதற்குப் பெரிய எதிரி. மெக்கானிக்கை விட்டுக் கழற்றவோ ஒயரைத் துண்டிக்கவோ வேண்டாம். சேஸிஸ் எண்ணோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ரீகாலில் இருந்தால் செலவு அவர்களுடையது. மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

*

'என் பழைய காரை விற்கப்போகிறேன். ரீகால் வேலை செய்ததைச் சொன்னால் விலை குறைத்துக் கேட்பார்களா?'

- வாசகர், செய்யாறு.

கேட்டால் கேட்கட்டும். ஜாப் கார்டு நகலை ஆர்.சி.யோடு சேர்த்துக் காட்டுங்கள். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸே கொடுப்பார். நகல் தொலைந்திருந்தால், வேலை செய்த சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பதிவில் இருப்பதை எடுத்துத் தருவார்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், பெயர் மாறியதா என்று ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போதாவது உங்கள் வீட்டுக்கு ரீகால் லெட்டர் வந்தால் கிழித்துப் போடாமல், வாங்கியவருக்கு ஒரு போன் போடுங்கள்.